துறையும் தீர்த்தமும்: பாலாவிக் கரையின் வரலாறு

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருங்கே வைத்துப் போற்றுவது நமது சைவ மரபு. மூர்த்தியின் பெருமையையும் தலத்தின் பழைமையையும் பேசுகின்ற நூல்களுக்குக் குறைவில்லை. தீர்த்தத்தைப் பேச வருவோரோ, அதில் மூழ்கினால் நீங்கும் பாவங்களை அடுக்கிக் கூறி அமைந்துவிடுகின்றனர். அந்த நீரில் இறங்கியவர் யார்? எங்கிருந்து வந்தனர்? அந்தக் கரையைக் கட்டியவர் யார்? இறங்க இடம் பெற்றவர் யார், மறுக்கப்பட்டவர் யார்? இவ்வினாக்களை எழுப்புவது பக்திக்கு இழுக்கென்று கருதுவோர் நம்மிடையே உளர். எழுப்பாது விடுவது வரலாற்றுக்கு இழுக்கென்று நாம் கருதுகிறோம். ஆகவே, மன்னார்ப் பெருநிலப் பகுதியில், திருக்கேதீச்சரத்தின் அருகே கிடக்கும் பாலாவித் தீர்த்தத்தை முன்வைத்து இவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தீர்த்தம் என்ற வடசொல்லின் வேர் 'கடத்தல்' என்னும் பொருளுடையது. ஆற்றைக் கடப்பதற்கு ஏற்ற ஆழமற்ற இடம், படகு வந்து அணையும் இடம், நீரில் இறங்குவதற்குரிய கரை என்பனவே அதன் பழைய பொருள்கள். சமணர் தம் பெரியோரைத் தீர்த்தங்கரர் என்று அழைத்தனர். கடக்கும் துறையை அமைத்துத் தந்தவர் என்பது அதன் கருத்து. நமது தமிழ்ச் சொல்லாகிய 'துறை'யும் இவ்வாறே விரிந்த பொருளுடையது. குளிக்கும் இடம் துறை. துணி வெளுக்கும் இடம் துறை. தோணி அணையும் இடம் துறை. கடல் வாணிகம் நடக்கும் பட்டினமும் துறை. நீராடும் இடமும் தொழில் செய்யும் இடமும் ஒரே பெயரால் வழங்கப்பட்டமை தற்செயலானதன்று. மக்கள் கூடித் தொழில் செய்த கரையிலேயே அவர்கள் வழிபாடும் செய்தனர். புனிதமென்பது வாழ்க்கையிலிருந்து விலகி நின்ற ஒன்றாக அன்று இருக்கவில்லை.

இவ்வுண்மைக்கு மன்னார்க் கரையைப் போலப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. திருக்கேதீச்சரம் அமைந்துள்ள பழம் பட்டினத்தைப் பாளி நூல்கள் 'மகாதித்த' என்று வழங்குகின்றன. வடமொழித் தீர்த்தமே பாளியில் 'தித்த' ஆயிற்று. ஆகவே மகாதித்த என்பது 'பெருந்துறை' என்று பொருள்படும். சிங்களத்தில் அது மாதொட்ட, மாந்தொட்ட என வழங்கிற்று. 'தொட்ட' என்பது இன்றும் சிங்களத்தில் துறையைக் குறிக்கும் சொல்லே. தமிழில் நாம் மாதோட்டம் என்றும் மாந்தை என்றும் கூறுகிறோம். பாளியும் சிங்களமும் தமிழும் தத்தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கிய இந்தப் பெயர், அவ்விடம் எந்த ஒரு கூட்டத்தாருக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றது.

மகாவம்சம் இத்துறையைப் பலமுறை குறிப்பிடுகின்றது. விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டிலிருந்து வந்த இளவரசி இங்கேயே கரையிறங்கினாள் என்றும், அவளோடு பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்கள் வந்திறங்கின என்றும் அந்நூல் கூறுகின்றது. இதனை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. பிற்காலத்தார் புனைந்த மரபுக்கதை என்றே கொள்வோம். ஆயினும் அக்கதையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அரசகுமாரியொருத்தி வந்தாள் என்று மட்டும் எழுத அந்தத் துறவிக்கு மனம் வரவில்லை. கைவினைஞரும் வந்தனர் என்று எழுதினார். தொழிலாளரின்றித் துறை இல்லை என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

இனி, கடல் வாணிகம் செழித்த ஒரு பட்டினத்தில் நன்னீர்த் துறை ஏன் இத்துணைச் சிறப்பினைப் பெற்றது என்பதை நோக்குவோம். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணற்றிட்டுகள் தொடர்ந்து கிடக்கின்றன. ஆழமான நீரை வேண்டும் பெருங்கலங்கள் அவற்றைக் கடந்து செல்லல் இயலாது. மேற்கிலிருந்து வந்த பண்டமும் கிழக்கிலிருந்து வந்த பண்டமும் இக்கரையில் கைமாறுவதற்கு இதுவே ஏற்ற காரணமாயிற்று. பாய்மரக் காலத்தில் கலமோட்டிகள் காற்றுக்கு அடிமைகள். சோளகம் ஓய்ந்து வாடை எழும்வரை, வாடை தணிந்து சோளகம் திரும்பும்வரை, அவர்கள் மாதக்கணக்கில் கரையில் தங்கவேண்டியிருந்தது. தங்கியவர்களுக்கு வேண்டியவை யாவை? சரக்கை வைக்கப் பண்டகசாலை, உண்ணச் சோறு, கும்பிடத் தெய்வம், எல்லாவற்றுக்கும் மேலாக நன்னீர். மன்னார் வறட்சி மிக்க நிலம். மழை ஆண்டில் சில திங்களே பெய்யும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்க்கும். நாட்கணக்கில் உப்புக் காற்றிலும் அலையிலும் தோய்ந்து, உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தவன், தோலில் படிந்த உப்பு நீங்கும்படி நன்னீரில் மூழ்கி எழும்போது அவனுக்கு உண்டாகும் உணர்ச்சியை எண்ணிப் பார்ப்போமாக. அந்த நீரைப் புனிதமென்று அவன் போற்றியதில் வியப்பென்ன? கடலைக் கடந்து வந்தவன் மூழ்கிய அந்த இடத்தில், தீர்த்தம் என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒன்றாகிவிடுகின்றன.

மாந்தையின் வாணிகச் சிறப்பு வெறும் கற்பனையன்று. குதிரை இலாட வடிவில் மேடாகக் கிடக்கும் அப்பழம் பட்டினத்தைச் சுற்றி இரட்டை அகழிகள் இருந்தன. 1980 முதல் 1984 வரை அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் சீனத்துப் பீங்கான்களும், பாரசீக, அரபு நாடுகளின் மட்கலங்களும், இந்திய மட்கலங்களும், மணிகளும் வெளிப்பட்டன. பின்னர் 2009ஆம், 2010ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில் மண்ணை அலசி எடுத்த தானியங்களுக்கிடையே மிளகும், கோதுமையும், ஒரே ஒரு கராம்பும் அகப்பட்டன. கராம்பு அக்காலத்தில் கிழக்குக் கோடியிலுள்ள மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து வந்து மாந்தை மண்ணில் வீழ்ந்த அந்தக் கராம்பு, எத்தனை கைகள் மாறி வந்திருக்கும்! பறித்தவன், காயவைத்தவன், மூட்டை சுமந்தவன், துடுப்பு வலித்தவன், கரையில் இறக்கியவன் ஆகிய இவர்களுள் ஒருவனது பெயரையும் நாம் அறியோம்.

ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் வந்த சுந்தரரும் கேதீச்சரத்தைப் பதிகம் பாடிப் போற்றினர். இப்பதிகங்களை நமது மாணவர் மனனம் செய்கின்றனர். ஆனால் வரலாற்றுக் கண்கொண்டு படிப்பதில்லை. சுந்தரர் இறைவனைப் பாலாவியின் கரையில் வீற்றிருப்பவனாகவே திரும்பத் திரும்பக் காண்கின்றார். மரக்கலங்கள் நிறைந்த கடலும், மாதோட்டமாகிய நன்னகரும், பாலாவிக் கரையும், கோவிலும் அவருடைய பாட்டிலே பிரிக்கவொண்ணாதபடி இணைந்து நிற்கின்றன. கடலையும் கலத்தையும் நீக்கிவிட்டுக் கோவிலை மட்டும் அவர் பாடவில்லை. பிற்காலத்தவராகிய நாமே அவற்றைப் பிரித்துவிட்டோம்.

இத்துறையின் புனிதம் தமிழ்ச் சைவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்குக் கல்லிலேயே சான்றுண்டு. தருமத்தை அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்றவன் அடையும் பாவத்தை அடைவான் என்னும் சாப மொழியைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் இறுதியிற் பரக்கக் காண்கிறோம். அதே முறையில், பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய சிங்களக் கல்வெட்டில், ஆணையை மீறியோர் மாதோட்டத்தில் பசுவைக் கொன்றோரின் பாவத்தை அடைவர் என்னும் சாபம் காணப்படுகின்றது. கங்கைக் கரை நிற்கவேண்டிய இடத்தில் மாதோட்டம் நிற்கின்றது. பௌத்த சிங்கள அரசின் ஆணையொன்று, சைவர் போற்றிய ஒரு துறையின் பெயரைக் கூறி மக்களை அச்சுறுத்துகிறதென்றால், அத்துறையின் பெருமையை இரு மொழியினரும் ஒப்புக்கொண்டிருந்தனர் என்பதே பொருள். இன்று இரு தரப்பிலும் வரலாற்றை ஆயுதமாகத் தீட்டுவோர் இந்தக் கல்லை ஒருமுறை படித்தல் நன்று.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தைக் கைப்பற்றிய சோழர், மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் சூட்டினர். சோழ நாட்டுச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பவன் அங்கு இராசராச ஈச்சரம் என்னும் கோவிலை எடுத்தான் என்பதை அவனது கல்வெட்டு அறிவிக்கின்றது. பேரரசு வென்ற ஊருக்குத் தன் பெயரை இடுவதும், கோவிலுக்கும் தன் பெயரையே இடுவதும் எக்காலத்தும் நடப்பன. அப்பெயரின் ஆயுள் பேரரசின் ஆயுளே. சோழராட்சி 1070ஆம் ஆண்டளவில் இங்கு முடிந்தது. இராசராசபுரம் என்ற பெயர் கல்லிலேயே தங்கிவிட்டது. மக்கள் வாயில் நிலைத்தவை மாதோட்டமும் மாந்தையுமே.

பாலாவிக்கு நீர் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கத் தக்க வினாவே. மன்னார் நிலத்தை வளப்படுத்தும் பேராறு அருவியாறு. மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் வழங்கும் இவ்வாறு, இரிட்டிகல மலைப் பகுதியில் தோன்றி, அநுராதபுரத்தின் அருகே ஓடி, 164 கிலோமீட்டர் கடந்து மன்னார்க் குடாவில் கலக்கின்றது. மகாவலிக்கு அடுத்தபடியாக இலங்கையின் நீண்ட ஆறு இதுவே. இவ்வாற்றை மறித்துக் கற்களால் தேக்கம் கட்டி, வாய்க்கால் வெட்டி, கட்டுக்கரைக் குளத்தை நிரப்பினர் முன்னோர். குளத்தின் நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. வயல்களின் நெல் பட்டினத்துக்குச் சோறாயிற்று. தேக்கத்தின் கல்லைச் சுமந்தவனும் குளக்கட்டுக்கு மண் கொட்டியவளும் இன்றேல் மாதோட்டத்தில் வணிகனும் இல்லை, வழிபாடும் இல்லை. அரசன் பெயரால் வழங்கும் ஒவ்வொரு குளத்துக்கும் பின்னால் பெயர் வழங்காத இம்மக்கள் நிற்கின்றனர். பாலாவியும் இன்று கரை கட்டிய குளமாகவே நமக்குக் காட்சி தருகின்றது. வானிலிருந்து இறங்கிய தீர்த்தமென்று புராணம் எதனையும் கூறட்டும். அதனைக் கரைகட்டிக் காத்தவை மனிதக் கைகளே.

சோழராட்சிக் காலத்தை அடுத்து மாந்தையின் பெருவாழ்வு தளர்ந்தது. அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது. அதன் துறையும் உடன் வீழ்ந்தது. நாளடைவில் கால்வாய்கள் தூர்ந்தன, காடு மூடிற்று. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். கேதீச்சரம் அவர்களால் இடிக்கப்பட்டதென்றும், அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்றும் மரபு கூறும். இதனை நாம் வருத்தத்தோடு நினைவு கூர்வது முறையே. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர், 1544இல், புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய மன்னார்க் கரையோர மக்களுள் ஏறத்தாழ அறுநூறு பேரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை வெட்டி வீழ்த்தியதையும் உடன் நினைத்தல் வேண்டும். பின்னர் ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்துக் கத்தோலிக்கரை ஒடுக்கினர். மாந்தையில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தம் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தன. அவ்வுருவமே இன்று மடுவில் பல்லாயிரம் பேர் வணங்குவது. ஒரே மாந்தை மண்ணிலிருந்து ஒரு தெய்வம் இடித்துப் புதைக்கப்பட்டது. மற்றொரு தெய்வம் அகதியாய்ப் புறப்பட்டது. இரண்டு தீங்குகளும் ஆட்சியாளர் செய்தவை. இரண்டின் துயரையும் சுமந்தவர்கள் இக்கரையின் எளிய குடிகள்.

இவ்விடத்தில், அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்புக் கரையையும் சற்றுக் காணவேண்டும். அதன் அண்மையில் சிலாவத்துறை உள்ளது. சிலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல். சிலாபத்துறையே சிலாவத்துறை ஆயிற்று. இந்தத் துறையிலும் மனிதர் மூழ்கினர். ஆனால் பாவம் போக்குவதற்கன்று, வயிற்றைக் கழுவுவதற்கு. இடுப்பிலே கயிறும் காலிலே கல்லும் கட்டி, மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பி வாரியவர்கள், தென்பாண்டிக் கரையிலிருந்து வந்த பரதவரும் முஸ்லிம்களும் பிறருமாவர். ஆங்கிலேயத் தேசாதிபதி நோர்த் என்பார், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்போது தங்குவதற்காக அரிப்பில் ஒரு மாளிகை கட்டுவித்தார். 1801ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மாளிகையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். மூழ்கியவர்களுக்கு எழுப்பிய மாளிகை எதனையும் காணோம்.

மன்னார்த் துறையின் வரலாற்றில் மிகத் துயரமான பகுதி இனித்தான் வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைப்பதற்குத் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் திரட்டப்பட்டனர். கடனாலும் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் ஊரை விட்டுப் புறப்பட்ட இவர்கள், பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறி, தலைமன்னாரிலும் மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து கால்நடையாக, முட்காட்டினூடே, அநுராதபுரத்தையும் தம்புள்ளையையும் தாண்டி, மாத்தளை வரை நடந்தனர். நூற்றைம்பது மைலுக்குக் குறையாத வழி அது. மாதோட்டத்திலிருந்து அநுராதபுரத்துக்குச் சென்ற பழைய பெருவழியின் திசையிலேயே இவர்களும் நடந்தனர் என்பது நினைத்தற்குரியது. குதிரையும் பட்டும் சென்ற வழியில் இப்போது கங்காணியின் பின்னால் மனிதர் சென்றனர்.

இவ்வழியில் நல்ல நீர் இல்லை. குட்டைகளில் தேங்கிய நீரைக் குடித்தோர் வாந்திபேதிக்கு இரையாயினர். காய்ச்சலில் வீழ்ந்தோர் வழியிலேயே விடப்பட்டனர். இறந்தோரின் தொகையைச் செம்மையாகக் கணக்கெடுத்து வைப்பதில் தோட்டத் துரைமாருக்கும் அரசுக்கும் அக்கறை இருக்கவில்லை. பிற்காலத்தில், இக்கரையைக் கடக்கும் முன்னரே மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, நோய் பரவாதிருக்கச் சோதித்து, உடுத்த துணியையும் நச்சு நீக்கி அனுப்பும் முறை ஏற்பட்டது. புனிதமாக்கும் நீர் என்னும் கருத்து அங்கே எவ்வாறு உருமாறியது பாருங்கள்! அந்த முகாமின் துப்புரவு, உழைப்பாளியின் உடலைத் தோட்டத்துக்கு ஏற்ற சரக்காக்குவதற்கான துப்புரவு.

கேதீச்சரத்தை மீட்டெழுப்பவேண்டும் என ஆறுமுக நாவலர் 1872இல் குரல் எழுப்பினார். 1893இல் அந்நிலம் சைவரால் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் காடு வெட்டித் தோண்டியபோது பழைய இலிங்கம் வெளிப்பட்டது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்து, 1960இல் குடமுழுக்கு நடந்தேறியது. அழிக்கப்பட்ட வழிபாட்டிடத்தை மீட்க ஒரு சமூகம் முயல்வது நியாயமான செயல். குடியேற்ற ஆட்சியை எதிர்த்தெழுந்த பண்பாட்டு விழிப்பின் ஒரு கூறாகவும் அது அமைந்தது. ஆயினும் காலங்களை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். புதையுண்ட கோவிலைச் சைவப் பெருமக்கள் தேடிய அதே ஆண்டுகளில், அதே கரையில், உயிருள்ள தமிழர் ஆயிரமாயிரமாய் இறங்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிவனையும் மாரியையும் முருகனையும் கும்பிட்டவர்களே. இவர்களுக்கு அம்மீட்பு எழுத்துகளில் எத்துணை இடம் கிடைத்தது என்பதை வரலாறு பயிலும் மாணவர் தேடிப் பார்ப்பாராக.

ஒரே நீர் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதற்கு மன்னாருக்கு வெளியேயும் சான்றுகள் உள. மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரின் பொதுக்குளத்தில், 1927 மார்ச் 20ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று நீரை அள்ளிப் பருகினார். மாடும் நாயும் குடித்த நீரை மனிதன் தொட்டதும் தீட்டாயிற்று என்று கூறிச் சாதியினர் தாக்கினர். குளத்தைச் சடங்கு செய்து 'தூய்மை'யும் ஆக்கினர். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றமையை நாம் அறிவோம். மாவிட்டபுரத்தின் தலக்கதையோ, கடல் கடந்து வந்த சோழ இளவரசியொருத்தியின் குதிரை முகம் கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்க நீங்கிற்று என்று கூறுகின்றது. அயலாளைக் குணப்படுத்திய தீர்த்தத்தின் அருகேயுள்ள அதே கோவிலின் கதவு, மண்ணில் உழைத்த சொந்த மக்களுக்கு மூடப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுர வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அக்கதவைத் தட்டின. நீரின் புனிதத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டால், கதவை மூடியவர்களைக் காட்டிலும் தட்டியவர்களையே நாம் சுட்டுவோம்.

துறைகளின் கதை அத்தோடு முடியவில்லை. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைக்கப்பல் ஓடத் தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றோராக்கப்பட்டிருந்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று. பாட்டன் நடந்து வந்திறங்கிய தலைமன்னார்க் கரையிலிருந்தே பேரன் இராமேசுவரத்துக்குக் கப்பலேறினான். 1983இன் பின்னர் ஈழத் தமிழர் அகதிகளாய் அதே கடலைப் படகுகளில் கடந்தனர். ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளரைத் தடுத்து வைத்த மண்டபம் முகாமே அவர்களுக்கும் இருப்பிடமாயிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தலைமுறை தலைமுறையாக மன்னாரில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் உடைமைகளை விட்டுப் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். வந்தோரையெல்லாம் ஏற்றுக்கொண்ட பெருந்துறை, சொந்த மக்களையே துரத்தும் துறையாயிற்று. அது தமிழ்ச் சமுதாயம் வெட்கத்தோடு ஏற்க வேண்டிய வரலாறு.

போர் முடிந்த பின்னரும் அந்த மண் பேசாமல் இருக்கவில்லை. 2013 டிசம்பரில், திருக்கேதீச்சரத்தின் அயலில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தொழிலாளர் நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்து தோண்டியபோது பல பத்து எலும்புக்கூடுகள் கிடைத்தன. அது பழைய இடுகாடே என்று அரச தொல்லியல் தரப்பு கூறிற்று. காணாமற்போன உறவுகளைத் தேடி அலையும் தாய்மார் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்னாளில், கோவிலுக்குச் செல்லும் வழியில் எழுப்பிய வளைவு பற்றிச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் எழுந்து, வளைவு பிடுங்கி எறியப்பட்டது. 1544இலும் 1560இலும் 1670இலும் ஆட்சியாளரால் அடிபட்ட இரு கூட்டத்து எளிய மக்கள், ஒரு வளைவுக்காக ஒருவரையொருவர் பகைத்து நின்றமை எத்துணை வருந்தத்தக்கது! வரலாற்றை அரைகுறையாகக் கற்பிப்பதன் விளைவு இது. அவரவர் இழந்ததை மட்டும் அவரவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் இதுவே விளையும். 2022 ஜூலையில், மாமல்லபுரத்துச் சிற்பிகள் செதுக்கிய கருங்கற்களால் புதுக்கிய கோவிலுக்கு மீண்டும் குடமுழுக்கு நடைபெற்றது. கல் கோவில் எழுந்துவிட்டது. அயலாரிடையே குலைந்த நட்புறவையும் எழுப்பவேண்டியுள்ளது.

ஆண்டுதோறும் மாசி மாதத்துச் சிவராத்திரியன்று, பல்லாயிரம் பேர் பாலாவியில் நீராடி, குடங்களில் நீர் முகந்து சென்று, அங்குள்ள மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே சொரிகின்றனர். இடையில் நின்று வாங்கி ஊற்றும் குருக்கள் அங்கு வேண்டப்படுவதில்லை. விவசாயியும் கூலியாளும் அலுவலகத்தாரும் பள்ளிப் பிள்ளையும் ஒரே நீரை ஒரே முறையில் அள்ளுகின்றனர். தெய்வ நம்பிக்கை உடையோர் இதில் அருளைக் காண்பர். நம்பிக்கை இல்லாதோர் மக்கள் ஒருமையைக் காண்பர். இருவரும் போற்றத் தக்க வழக்கம் இது. பெருந்துறை என்ற பழைய சொல்லின் பொருள் இவ்வழக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கின்றது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே ஒரு கடமை உண்டு. மாணவரைச் சுற்றுலாவாகப் பாலாவிக்கு அழைத்துச் செல்லும்போது, பதிகத்தைப் பாடச் செய்வதோடு நிறுத்தலாகாது. தேக்கத்தின் கல்லையும் கட்டுக்கரைக் குளத்தின் கட்டையும் காட்டுவோம். மன்னார்க் கோட்டைக்கும் அழைத்துச் செல்வோம்; மடுவின் கதையையும் சொல்வோம். சிலாவத்துறையின் பெயரை விளக்குவோம். தலைமன்னார் இறங்குதுறையில் அவர்களை நிறுத்தி, அங்கு இறங்கி நடந்து மாண்டவர்களைப் பற்றியும், அங்கிருந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றியும் பேசுவோம். பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாகக் கிடக்கும் இவையாவும் ஒரே கரையின் வரலாறு என்பதை அவர்கள் உணரட்டும்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியிலேயே நடந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. காணியும் வீடும் நியாயமான கூலியும் சமமான குடியுரிமையும் கேட்டு நடந்த அம்மக்களுள் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வந்தனர். யாத்திரை என்ற சொல்லை அதற்கு வழங்குவதில் தவறில்லை. வழியில் நீர்ப்பந்தல் வைத்து அவர்களை எதிர்கொள்வது அடியாருக்குச் செய்யும் தொண்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. பாலாவியில் முகக்கும் குடநீரில் ஒரு குடத்தை, இவ்வழியில் தண்ணீரின்றி மாண்டவர்களுக்காகவும் சொரியும் நாள் வரவேண்டும். அந்நாளை விரைவிற் கொண்டுவருவது நமது வகுப்பறைகளின் பொறுப்பு.